பாப்பாவுக்கு ஒரு கூண்டு

2025 ஜூன் 12, வியாழன்

இன்று மறுபடியும் மண்ணெண்ணெய் வாசம். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் காம்பராவில் மண்ணெண்ணெயே கிடையாது. விறகு அடுப்புதான், அவசரத்துக்கு ஒரு கேஸ். பாப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். வாசம் வந்தது, பின்னாலேயே இடது கை விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி ஆனது. பாப்பாவைத் தரையில் உட்கார வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். அறுபதுக்குள் போய்விட்டது. வலிப்பு வரவில்லை.

எழுதிவிட்டேன். வலிப்பு. இந்தக் கொப்பியில் மட்டும்தான் அந்தச் சொல்லை எழுத முடியும். கல்யாணமாகி மூன்று வருடம், என் வீட்டுக்காரர் நிரோஷனுக்குத் தெரியாது, அவர் அம்மா, என் மாமிக்கும் தெரியாது. பதினாலு வயதில் தொடங்கியது. அப்புறம் நாலு வருடம் வராமல் இருந்தது. "அதான் நின்னுருச்சே, இனி எதுக்கு வாயத் தெறக்கணும்? சொன்னா எவன் கட்டுவான்?" என்று அப்பா சொன்னார். பிறந்த ஊர் பூண்டுலோயாவிலிருந்து இந்த நோர்வூட்டுக்கு அந்தப் பொய்யையும் சீதனத்தோடு கட்டித்தான் அனுப்பினார்கள்.

பாப்பா பிறந்து தூக்கம் கெட்டதும் அது திரும்பி வந்துவிட்டது. மார்ச் மாதம் நன்றாகவே விழுந்தேன். நல்ல வேளை, அம்மா வீட்டில். இப்போது மாதம் ஒரு முறை கிளினிக். வீட்டில், இரத்தம் குறைவு என்று சொல்லியிருக்கிறேன். மாத்திரையும் கிளினிக் கொப்பியும் என் பழைய ஹேண்ட்பேக்குக்குள்.

போன தடவை கிளினிக்கில் நர்ஸ் மிஸ் சிங்களத்தில் மெதுவாக, எனக்குப் புரிய வேண்டுமென்று இரண்டு தரம் சொன்னார். அறிகுறி வந்தால் பிள்ளையைத் தூக்கி வைத்திருக்காதே. நாலு பக்கமும் அடைப்பு உள்ள ஒன்றை வாங்கு. பிள்ளையை அதில் போடு, பிறகு நீ தரையில் படு.

நாலு பக்கமும் அடைப்பு. எங்கே போய் வாங்குவேன்?

ஜூன் 13

பாப்பா இன்று முதல் தடவையாகத் தவழ்ந்தாள். ஏழு மாதம். அவரும் மாமியும் கைதட்டினார்கள். நான் பாயிலிருந்து அடுப்புக்கு எத்தனை அடி என்று எண்ணினேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஹட்டன். அவர் ஆட்டோவிலேயே போனோம். பாப்பா மடியில், என் பையில் ஒரு வெறும் சோடா டின். போன் வீடியோவில் பார்த்திருந்தேன், கட்டில் கம்பிக்கு நடுவில் சோடா டின் நுழைந்தால் பிள்ளையின் உடம்பும் நுழைந்துவிடுமாம், தலை மாட்டிக்கொள்ளுமாம்.

முதல் கடையில் விலையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தோம். இரண்டாவது, பைஸர் நானாவின் தளபாடக் கடை. மரத்தொட்டில் ஒன்று, வெள்ளைப் பெயின்ட், பக்கத்தில் வாத்துப் படம். பார்த்ததும் ஆசையாகிவிட்டது. டின்னை எடுத்துக் கம்பிக்கு நடுவில் தள்ளினேன். டக்கென்று உள்ளே விழுந்து உருண்டது.

"தங்கச்சி, இதுல புள்ளையப் போடப் போறீங்களா, சோடாவப் போடப் போறீங்களா?" என்றார் நானா. கடையே சிரித்தது. என் வீட்டுக்காரரும் சிரித்தார். நான் விடவில்லை, இருந்த ஐந்தையும் சோதித்தேன். மூன்றில் டின் நுழைந்தது. நுழையாத இரண்டும் முப்பத்தெட்டாயிரம், நாற்பத்திரண்டாயிரம். துணிக்கடையில் வேலை செய்த காலத்துச் சேமிப்பு என்னிடம் பதினைந்தாயிரம் இருக்கிறது. வலை போட்ட மடக்குக் கூண்டு ஒன்றும் இருந்தது, புதுசு, இருபத்து நாலரை. நானா ஆயிரம் குறைத்தார். நல்ல மனுஷன்தான். ஆனாலும் எட்டவில்லை.

திரும்பும்போது அவர் கேட்டார். "எதுக்கு இப்ப இது? தொட்டில் கட்டியிருக்குல்ல?"

அடுப்பு, வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கான், எலி என்று அடுக்கினேன். எல்லாம் உண்மைதான். உண்மையை வைத்தே பொய் சொல்ல நான் எங்கே படித்தேன்?

ஜூன் 16

மாமிக்கு விஷயம் போய்விட்டது. மாமி பெயர் அழகம்மா. இன்னமும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறார், காலை ஏழு மணிக்கு மலையில் நிற்க வேண்டும். மழைக்கு இடுப்பில் சுற்றும் படங்கைக் கட்டிக்கொண்டே கேட்டார். "புள்ளையக் கூண்டுல போடுறதா? என்னா, கோழியா வளக்குற? நானும் நாலு பெத்தேன். எந்தக் கூண்டுல வளந்தான் ஒம் புருசன்?"

 தடுப்பூசிக் கிளினிக்குக்குப் பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் பிரதி வேண்டும் என்று மட்டும் கேட்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வீட்டுக் காகிதமெல்லாம் இருக்கும் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அந்தச் சாவி எப்போதும் அவர் இடுப்புக் கயிற்றில்தான். குளிக்கும்போதுகூட அவிழ்க்க மாட்டார். மூன்று வருடத்தில் ஒரு நாள் "இந்தா, நீயே தெற" என்றதில்லை. சரி, நான் மட்டும் என்ன, எல்லாவற்றையும் அவருக்குத் திறந்தா காட்டிவிட்டேன்?

ஜூன் 19, வியாழன்

ஐயோ, பாப்பா.

பகல் பத்து மணி இருக்கும். அடுப்பில் சோறு. மண்ணெண்ணெய் வாசம் வந்தது. பாப்பாவைப் பாயில் விட்டது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஞாபகம் இல்லை. விழவில்லை, சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். எத்தனை நிமிஷம்? தெரியாது. சோறு அடிப்பிடித்த மணத்தில்தான் முழித்தேன். பாய் வெறுமனே கிடந்தது.

 அடுப்பைப் பார்த்தேன். முதலில் அடுப்பைத்தான் பார்த்தேன்.

பக்கத்துக் காம்பரா காளியாயி அக்கா வாசலில் வந்து நின்றார், இடுப்பில் பாப்பா, முழங்கால் எல்லாம் சேறு. "என்னாடி, தூங்கிட்டியா? புள்ள இஸ்தோப்புத் திண்ணையத் தாண்டிக் கான் ஓரத்துல ஒக்காந்திருக்கு! மழைத் தண்ணி எப்பிடி ஓடுது பாரு!"

தூங்கிட்டேன் அக்கா என்றேன். தூங்குமூஞ்சி என்று பெயர் வந்தால் வரட்டும்.

பாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தாள். கையில் ஒரு தேயிலைக் குச்சி. அவளைக் கட்டிப்பிடிக்கவே பயமாக இருந்தது. அவளுக்கு ஆபத்து அடுப்பும் இல்லை, கானும் இல்லை. நான்தான்.

ஜூன் 20

அவர்கள் வேலைக்குப் போனதும் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிடுகிறேன். இனி வாசலைத் தாண்ட மாட்டாள்.

ஜூன் 24, செவ்வாய்

கிளினிக். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஆள் விழுந்தார். உடனே நாலு பேர் பாய்ந்து, அவர் கையில் ஆளுக்கொரு சாவியைத் திணித்தார்கள். எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம், வலிப்புக்கு இரும்பு. மிஸ் ஓடி வந்து சத்தம் போட்டார். "சாவி ஒன்றும் செய்யாது! சரித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் போடாதீர்கள்!" சுவரோடு ஒட்டி நின்று பார்த்தேன். நான் விழுந்தால் இப்படித்தான் இருப்பேனா?

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். தாழ்ப்பாளைப் பற்றி மிஸ்ஸிடம் சொன்னதும் முகமே மாறிவிட்டது. "உள்ளே பூட்டிக்கொண்டு விழுந்தால் உன்னை யார் வந்து பார்ப்பது? அடுப்பு எரியும், பிள்ளை உள்ளே. வீட்டில் சொல்லிவிடு மகள்."

சொல்லிவிடு. லேசாகச் சொல்லிவிட்டார். சொன்னால் என்னைப் பூண்டுலோயாவுக்கு ஏற்றிவிடுவார்கள். பாப்பாவைக் கொடுத்து அனுப்புவார்களா? வலிப்புக்காரி கையில் யார் பிள்ளையைக் கொடுப்பார்கள்? நானே கொடுக்க மாட்டேன்.

இனித் தாழ்ப்பாள் இல்லை. பாப்பா இடுப்பில் ஒரு கயிறு கட்டி, கட்டில் காலோடு முடிந்திருக்கிறேன். ஆட்டுக்குட்டி மாதிரி.

ஜூன் 29, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

கினிகத்தேனையில் ஒரு சிங்கள நோனா பேஸ்புக்கில் போட்டிருந்தார். மடக்குக் கூண்டு, நாலு பக்கமும் வலை, ஒரு பக்கம் ஜிப். ஒரு மூலையில் கிழிசல், தைத்திருக்கிறது. பையனுக்கு இப்போது மூன்று வயதாம், வாசலில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தான். பதினோராயிரம். கால்களை உலுக்கினேன், பூட்டை நாலு தரம் மடக்கி விரித்தேன், தைத்த இடத்தில் விரலை விட்டு இழுத்தேன். நோனா, "நல்லா பார்த்து எடுங்க, பிள்ளைச் சாமான் தானே" என்று சிங்களத்தில் சொல்லி, ஒரு குட்டி மெத்தையும் சும்மா கொடுத்தார்.

ஆட்டோவின் பின்சீட்டில் கூண்டும் நானும் பாப்பாவும் நெருக்கிக்கொண்டு வந்தோம். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பிரியந்தி, நீ எதுக்கோ பயப்படுற. என்னான்னு சொல்ல மாட்டேங்குற."

வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் எதிரே லொறி, ஹார்ன், வளைவு. விழுங்கிவிட்டேன்.

ஜூலை 1

மாமி கூண்டைச் சுற்றிச் சுற்றி வருகிறார். "நடக்க எடமில்ல, இதுல இது வேற." ஆனால் பாப்பாவுக்கு அது பிடித்திருக்கிறது. வலையைக் கடிக்கிறாள். எனக்கும் பத்து நாளுக்குப் பிறகு சோறு இறங்குகிறது. கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

ஜூலை 3

வந்துவிட்டது. நாக்கு கடிபட்டிருக்கிறது. நாளைக்கு எழுதுறேன். பாப்பாவுக்கு ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.

ஜூலை 4, வெள்ளி

நேற்று வாசம் வந்ததும் அடுப்பை அணைத்தேன். பாப்பாவைக் கூண்டில் விட்டு ஜிப்பை இழுத்தேன். தரையில் படுத்தேன். எல்லாம் மிஸ் சொன்ன மாதிரியே செய்தேன், அந்த அளவுக்கு நினைவு இருக்கிறது.

முழித்தபோது முதலில் ஈரக் கொழுந்து மணம். என் தலை யாரோ ஒருவர் மடியில். மலையிலிருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்த மாமி, படங்கைக்கூட அவிழ்க்காமல், தண்ணீர் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தார். என் வலது கைக்குள் ஏதோ உறுத்தியது. விரலைப் பிரித்துப் பார்த்தேன். டிரங்குப் பெட்டிச் சாவி. அறுந்த இடுப்புக் கயிற்றோடு.

கூண்டுக்குள் பாப்பா வலையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன வருசமா?"

"பதினாலு வயசுலருந்து மாமி."

"ஒங்கப்பனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

சாவியை என் கையிலிருந்து எடுத்தார். கயிற்றை முடிந்து மறுபடி இடுப்பில் கட்டினார். சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தார்.  கூண்டு மட்டும் கிடைக்காமல் இருந்தால் என்றைக்காவது மறுபடியும் தாழ்ப்பாள் போட்டிருப்பேன், யாருக்கும் தெரிந்திருக்காது. தாழ்ப்பாளுக்குப் பின்னால் எப்படிக் கிடந்திருப்பேன் என்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

என் வீட்டுக்காரர் பின்னேரம் வந்தார். மாமி சொல்லிவிட்டார். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "நான் என்ன பேயா? எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 7

மாமி என் அப்பாவுக்குப் போன் பண்ணினார். "புள்ளைய வச்சு வெளாடியிருக்கீங்க. வாங்க நேர்ல." சனிக்கிழமை வருகிறாராம்.

எதற்கு வரச் சொன்னார்? கூட்டிக்கொண்டு போகத்தான். வேறு எதற்கு? பாப்பாவின் உடுப்பைத் துவைத்து மடித்தேன். என்னுடையதையும் மடித்தேன். ஒரே பையில் வைக்கவா, இரண்டு பையிலா என்று தெரியாமல் கட்டில் மேலேயே வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, சனி

அப்பா வந்தார். மாமி ஒரு மணி நேரம் அவரை நிற்க வைத்துக் கிழித்தார். மூன்று லயத்துக்குக் கேட்டிருக்கும். அப்பா தலையைக் குனிந்துகொண்டே, "தப்புதான் சம்பந்தி, பொண்ணக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்றார்.

 பாப்பாவை இறுக்கிக்கொண்டேன்.

மாமி அதற்கும் சேர்த்துத்தான் கத்தினார். "எங்க கூட்டிக்கிட்டுப் போறீங்க? அங்க மட்டும் வராதா அது? ஒரு தடவ மறைச்சீங்க, இப்ப ஒளிக்கப் போறீங்களா? இங்க கூண்டு இருக்கு, நான் இருக்கேன். ஒக்காருங்க, சோறு போடுறேன்."

அப்பா சாப்பிட்டார். மூன்று மணி பஸ்ஸில் தனியாகப் போனார்.

ஜூலை 13

அவர் போனில் ஏதோ வீடியோ பார்க்கிறார். எட்டிப் பார்த்தேன். வலிப்பு வந்தவரை எப்படிச் சரித்துப் படுக்க வைப்பது என்று. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக்கொண்டார். கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டாம், வீட்டில் இருந்தால் போதும்.

ஜூலை 22, செவ்வாய்

கிளினிக்குக்கு மாமியும் வந்தார், அரைநாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று. மிஸ்ஸிடம் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் துருவித் துருவிக் கேட்டார். சரித்துப் படுக்க வைப்பதை அங்கேயே, என் தோளைப் பிடித்துச் செய்து காட்டச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பாப்பாவைக் கூண்டில் விடப் போனேன். கூண்டுக்கு மேலே, பாப்பாவுக்கு எட்டாத உயரத்தில், சுவரில் ஒரு புது ஆணி. அதில் டிரங்குப் பெட்டிச் சாவி தொங்கியது.

"மாமி, இரும்பு ஒண்ணும் செய்யாதுன்னு மிஸ் சொன்னாங்களே."

"சரிச்சும் படுக்க வைக்கிறேன், சாவியும் வைக்கிறேன். ஒனக்கென்னா நட்டம்?" அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னார். "அன்னிக்கு இடுப்புலருந்து அவுக்க முடியாம அறுத்தெடுத்தேன். கை ஓடல எனக்கு. இனி அங்கயே கெடக்கட்டும்."

"பெட்டி?"

"தெறக்கணும்னா நீயே தெறந்துக்க. ஒனக்குக் கை இல்லையா?"

பயம் போகவில்லை. காலையிலிருந்து மூக்கு மண்ணெண்ணெயைத் தேடிக்கொண்டே இருக்கிறது. சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். ஹேண்ட்பேக்கிலிருந்த கிளினிக் கொப்பியை எடுத்து, பாப்பாவின் பிறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைத்தேன்.