ஏழு தட்டும் ஒரே அளவு

இன்று ஆகஸ்ட் ஒன்பது. காலை ஆறு நாற்பது. பதினெட்டு மில்லிமீட்டர்.

நீ இருந்திருந்தால் இவ்வளவே போதும், என் சட்டையைப் பிடித்திருப்பாய். ஆனால் இதை உன் மனைவியும் படிக்கப்போகிறாள். அதனால் உனக்குத் தெரிந்ததையே விளக்குகிறேன். கொட்டாவி விடாதே.

பிச்சாட்டூர் தாண்டி நம் ரோடு ஒரு பழைய ஏரிப்படுகையில் இறங்குகிறது. கீழே களிமண், தண்ணீர் அதிகமான மாவு மாதிரி. அதன்மேல் நேராக ரோடு போட்டால் அலையலையாக அமுங்கிவிடும். அதனால் முதலில் மூன்று ஆள் உயரத்துக்கு மண்ணைக் கொட்டி, அடிமண் அமுங்கி முடிகிறவரை காத்திருந்தோம். எவ்வளவு அமுங்கியது என்று பார்க்க அடியில் ஏழு இரும்புத் தட்டுகள். ஒவ்வொன்றிலிருந்தும் மேலே நீட்டிக்கொண்டு ஒரு கம்பி. அந்தக் கம்பிகளின் உயரத்தை வாராவாரம் அளப்பது உன் வேலை. அளக்க, அசையாத புள்ளி ஒன்று வேண்டும். அதைத் தேர்ந்தெடுப்பது என் வேலை.

சரியான புள்ளி தூரத்தில், பாறைமேல் இருந்தது. அவ்வளவு தூரம் கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க எனக்குப் பொறுமையில்லை. பக்கத்தில் ரோட்டுக்கு அடியில் தண்ணீர் போகப் புதிதாகக் கட்டிய கல்வர்ட்டைக் காட்டி, "இது மேலயே குறி அடி. கான்கிரீட் எங்க போவப்போவுது?" என்றேன். நீயும் தலையாட்டினாய். மஞ்சள் பெயிண்டில் நாமம் மாதிரி ஒரு குறி போட்டுவிட்டு, "இனி மலை மேல கீறவரே எறங்கி வந்தாலும் இது நவுராது பா" என்றாய். இருவரும் சிரித்தோம். அந்தக் கல்வர்ட் நிற்பதும் அதே களிமண்மேல்தான் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

அடைமழை பெய்த வாரம் நீ கொண்டுவந்த கணக்கில் ஏழு தட்டுகளும் மேலே ஏறியிருந்தன. அத்தனை மண்ணைச் சுமக்கும் தட்டு ஏறுமா? அதுவும் ஏழும் ஒரே அளவு? புத்தூர் ஆபீஸ் மீட்டிங்கில் மேனேஜர், "ஏமய்யா, மட்டி பைகி லேஸ்துந்தா?" என்றார். மண் எங்காவது மேலே எழும்புமா என்று. எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"கண்ணால பாத்தததான் எழுதிக்கினு வரேன் சார்."

நான் சொன்னேன்: "மழையில இவன் எங்க சார் போனான்? டீக்கடையில குந்திக்கினு ஒண்ண எழுதி, மீதி ஆற காப்பி அடிச்சிருக்கான்."

கல்லூரியில் நான்கு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனைப் பற்றி அப்படிச் சொன்னேன். அதற்கும் சிரித்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

உன்னைச் சித்தூர்ப் பக்கம் ஜல்லி குவாரிக்கு மாற்றினார்கள். அளக்கும் வேலை எனக்கு வந்தது. அதற்குள் பாறை வரைக்கும் ஜீப் போக வழி போட்டிருந்தார்கள், அதனால் நான் அங்கிருந்தே அளந்தேன். என் கணக்கில் எந்தத் தட்டும் ஏறவில்லை. பார்த்தீர்களா என்று காட்டிக்கொண்டு திரிந்தேன்.

மஞ்சள் காமாலையோடு நீ திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரே ஒரு தடவை வந்தேன். நீ குவாரியைப் பற்றிப் பேசவில்லை, மீட்டிங்கைப் பற்றியும் பேசவில்லை.

"டேய், ஏழும் ஏன் ஒண்ணா ஏறிச்சு, பாத்தியா?"

"அத வுடு பா. இட்லி துன்னியா?"

"துன்னேன் துன்னேன். நீ பாரு."

நான் பார்க்கவில்லை. 

உன் காரியத்தன்று நகரியில், உன் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். உன் மனைவி பின்னாலேயே வந்தாள். "அண்ணா, அவுரு பொய் கணக்கு எழுதிட்டுதான் குவாரிக்கு வந்தாருன்னு அங்க கீறவங்க பேசிக்கினாங்களாம். நெசமாண்ணா?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா" என்றேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கேவலமாக இருந்திருக்காது.

இன்று கல்வர்ட்டின் மேல் தார் போடுவதற்கு முன் உயரத்தைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பாறையிலிருந்து அளந்துகொண்டு வந்து, அளவுகோலை உன் மஞ்சள் நாமத்தின்மேல் நிறுத்தினேன். இருக்க வேண்டிய உயரத்துக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் கீழே. கருவியைக் குறை சொல்லி மறுபடியும் அளந்தேன். அதேதான். உன் பழைய கணக்கைப் போனில் தேடி எடுத்தேன். அந்த மழை வாரம் ஏழு தட்டும் ஏறியதாக நீ எழுதியிருந்ததும், ஒன்றிரண்டு முன்னே பின்னே, பதினெட்டுதான்.

தட்டுகள் ஏறவேயில்லை. அவை அமுங்கி முடித்து அசையாமல் இருந்தன. நான் காட்டிய புள்ளிதான் இறங்கியது. உட்கார்ந்திருக்கும் நாற்காலி இறங்கினால் எதிர்ச்சுவர் ஏறுவதுபோலத் தெரியும் அல்லவா, அதுபோல. ஏழும் ஒரே அளவு என்பதுதான் நீ மழையில் நனைந்துகொண்டு போய் ஒழுங்காக அளந்தாய் என்பதற்குச் சாட்சி. அதையே எடுத்து உன்மேல் வீசினேன்.

மன்னிப்பெல்லாம் எழுதத் தெரியவில்லை. வேலையை எழுதுகிறேன்.

1. கல்வர்ட்மேல் தார் போடுவதை இன்றே நிறுத்தச் சொல்வது. திட்டுவார்கள். வாங்கிக்கொள்வது.

2. திங்கட்கிழமை மீட்டிங்கில், அதே மேனேஜர், அதே ஆட்கள் முன்னால், அந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று சொல்வது.

3. குவாரிக்குப் போய் அங்கேயும் அதையே சொல்வது.

4. நகரி. இந்தக் கடிதத்தைத் தபாலில் அனுப்பாமல் உன் மனைவியிடம் நேரில் கொடுப்பது. "அவன் எழுதினது நெசம்மா" என்பது. அப்போது பொய் சொன்னது யார் என்று அவள் கேட்பாள். கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிடுவது.