மாப்பிள்ளையின் ஓட்டைப் பனியன்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. வலது தோளைத் தவிர மற்றதெல்லாம் நலம். அப்பாவும் நலம், அவர் சமையலுக்குத்தான் நலமில்லை. எழுத்து கோணிக்கொண்டு போகிறதே என்று கலங்காதே, இடது கையால் எழுதுகிறேன். போனில் நீ அழுத அழுகையில் என்னால் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. கடிதம் என்றால் குறுக்கே பேச மாட்டாய்.

திங்கட்கிழமை என் நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வந்தது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை ஏற்றிய தள்ளுவண்டி என் தோள்மேல் சாய்ந்ததை அவர்கள் மறுக்கவில்லை. சக்கரம் ஆடுகிறது என்று சூப்பர்வைசரிடம் நான் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததைத்தான் மறந்துவிட்டார்கள். என்னோடு இஸ்திரி போடுகிறவள் கூண்டில் ஏறி, "அக்கா சொன்னப்ப நானும் பக்கத்துலதான் நின்னேன்" என்றாள். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்து வந்தவள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

அதன்பிறகுதான் ஹோட்டல் கம்பெனி வக்கீல், எனக்கு அடிபட்ட பிறகு போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது எடுத்து, நீ பேஸ்புக்கில் போட்டு ஊருக்கெல்லாம் காட்டிய படத்தை நீட்டினார். நான் பேத்தியைத் தூக்கிக்கொண்டு நிற்கிற படம். "தூக்க முடியாத கையா இது? சிரிச்சுக்கிட்டு வேற இருக்கீங்க" என்றார். பேத்தியைப் பார்த்தால் சிரிக்காமல் ஒப்பாரியா வைப்பார்கள் என்று கேட்டேன். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி சொன்னார். சொன்னேன். குழந்தையைத் தாங்கியது மாப்பிள்ளை, அவர் கைகள் குழந்தையைச் சுற்றிய போர்வைக்குள் இருந்தன, என் கை சும்மா மேலே கிடந்தது என்றேன். மாப்பிள்ளை எங்கே என்று கேட்டார்கள். படத்தில் இல்லை.

எப்படி இருப்பார்? பனியனில் ஓட்டை, மானம் போகும் என்று நீதானே படத்திலிருந்து அவரை வெட்டிவிட்டாய்?

அதற்காக உன்மேல் கோபமில்லை. படத்தை இப்போது நீக்கிவிட்டாயே, அதற்குத்தான் கோபம். தப்பு செய்தவர்கள்தான் ஒளிப்பார்கள். திரும்பப் போடு.

கம்பெனி கொடுக்கிறதை வாங்கிக்கொண்டு வழக்கை விட்டுவிடு என்கிறாய். அவர்கள் சும்மா கொடுக்கவில்லையடி. இது வயசாகி வந்த வலி, வண்டியால் வந்ததல்ல என்று நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஆபரேஷன் செய்தால் கை உயரும் என்று டாக்டர் சொல்கிறார். கம்பெனி தருவது அதில் பாதிக்குக்கூடக் காணாது. அப்படியே கண்டாலும், நான் பொய்க்காரி என்று என் கையாலேயே எழுதித் தருவேனா? இந்தக் கை ஒரு போர்வையைக்கூட அழுக்கோடு மடித்ததில்லை.

அதனால் வெட்டாத முழுப் படத்தை நம் வக்கீலம்மாவுக்கு உடனே அனுப்பு. அடுத்த விசாரணையில் மாப்பிள்ளை வீடியோவில் வந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதுமாம். கூச்சப்பட வேண்டாம் என்று சொல். பனியன் ஓட்டையைக் கோர்ட்டே பார்க்கட்டும். ஜெயித்த பிறகு அவருக்கு ஒரு டஜன் புதுசு நான் எடுத்துத் தருகிறேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், அழாமல் படி. அந்தப் படத்தை நீட்டியபோது எனக்குக் கோபத்துக்கு முன்னால் ஆசைதான் வந்தது. பேத்தியை நான் தூக்கினேன் என்று அவர்கள் எல்லாரும் நம்புகிறார்கள். எனக்குத்தான் அவள் கனம் இன்னும் தெரியாது. குழந்தையோ நாளுக்கு நாள் வளர்கிறாள், எனக்காகக் காத்திருப்பாளா?

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் இருங்கள். கை சரியானதும் அவளை என்னிடம் கொண்டுவந்து கொடு. அப்போது படம் எடு. பக்கத்தில் யாரும் நிற்க வேண்டாம்.

விட்டுக்கொடுக்காத
உன் அம்மா