எட்டாம் எண்ணின் இரண்டு புள்ளிகள்

8 ஜனவரி 2024, திங்கள்

காலை 9.20க்குக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. புதிய கூடைப்பந்து மைதானத்திற்கு என் பெயரை வைக்கிறார்களாம். கல்வெட்டு வாசகத்தையும் இணைத்திருக்கிறார்கள்: "16.2.1974 அன்று இறுதிப் போட்டியின் கடைசி நான்கு விநாடிகளில் இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டு, 61–60 எனக் கோப்பையை வென்று தந்தவரும், முப்பத்தாறு ஆண்டுகள் இக்கல்லூரியின் பயிற்சியாளராக இருந்தவருமான…"

கண் கலங்கியது உண்மை. ஆனால் தேதி தவறு. போட்டி நடந்தது 17ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கல்லில் வெட்டிய பிறகு அழிக்க முடியுமா?

9 ஜனவரி, செவ்வாய்

முதல்வரை நேரில் கண்டு சொன்னேன். "ஒரு நாள்தானே சார்" என்றார். ஒரு நாள்தானாம்! இவருடைய பிறந்த தேதியை ஒரு நாள் தள்ளி எழுதினால் சும்மா இருப்பாரா? அன்றைய ஸ்கோர் ஷீட்டைத் தேடி எடுத்துச் சரிபார்க்க வேண்டுமென எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாலையில் மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். அந்த அணியில் எட்டாம் எண். நான் பதினொன்று. விஷயத்தைச் சொன்னதும், ஒரு கையில் ஐந்து, மறு கையில் மூன்று என எட்டு விரல்களை உயர்த்திக் காட்டினார். ஐம்பது ஆண்டுகளாக இதே வேலை. நான் யாருடைய பிழையையாவது திருத்தினால் போதும், எட்டு விரல் எழும்பும். மகள் ஓட்டும் காரில் முன் இருக்கையும் அவருக்கே. எட்டு விரலுக்குப் பயந்து நான் பின்னால், குடைகளோடும் பைகளோடும்.

10 ஜனவரி, புதன்

எழுதியே விடுகிறேன், இந்த நோட்டை வேறு யாரும் படிப்பதில்லை.

அன்று ஃபவுல் நடந்தது மச்சான் மேல். யார் மேல் ஃபவுலோ அவரே ஃப்ரீ த்ரோ போட வேண்டும், அது விதி. மச்சானோ ஆளே இல்லாத மைதானத்தில் பத்து போட்டால் ஒன்று விழும். "டேய், எனக்குக் கை நடுங்குது, நீ போயிடு" என்றார். அப்போது உறவில்லை, வெறும் நண்பர். இருவரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி, ஒரே மீசை. நடுவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். போனேன். போட்டேன். இரண்டும் விழுந்தன.

அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துத்தான் 1977இல் என்னைப் பயிற்சியாளராக எடுத்தார்கள். 2013 வரை, விதியை மதிக்கச் சொல்லி மாணவர்களிடம் தொண்டை கிழியக் கத்தியவன் நான்.

19 ஜனவரி, வெள்ளி

ஸ்கோர் ஷீட் கிடைத்துவிட்டது. 17.2.1974. நான் சொன்னதே சரி!

வெற்றிக் களிப்பில் நாற்காலியை விட்டு எழுந்தவனை முதல்வர் நிறுத்தினார்.

"சார், தேதி நீங்க சொன்னதுதான். ஆனா கடைசி ரெண்டு பாயின்டும் எட்டாம் நம்பர் பேர்ல இருக்கே. நீங்க பதினொண்ணு இல்ல?"

மீண்டும் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஸ்கோர் எழுதியவர் இயற்பியல் ஆய்வக உதவியாளர். நடுவர் கை காட்டிய எண்ணை அப்படியே எழுதியிருக்கிறார். யார் போட்டது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை போலும்.

"அவர் தப்பா எழுதியிருப்பாரோ சார்?"

"இருக்கலாம்" என்றேன்.

20 ஜனவரி, சனி

"இருக்கலாம்" என்று எந்த வாயால் சொன்னேன்?

21 ஜனவரி, ஞாயிறு

முப்பது வருஷம் ஆய்வகத்துல தராசு பிடிச்ச கை அது. ஒரு கோடு கோணலா போட்டிருப்பாரா அந்த மனுஷன்? அவரைப் போய்த் தப்பா எழுதினாருன்னு — வந்து என்னைக் கேக்க அவர் உயிரோடயும் இல்ல. அவர் எழுதினதுதான் விதிப்படி. போட்டவன்தான் விதிப்படி இல்ல.

ஏன் சாப்பிடவில்லை என்று மனைவி கேட்டாள். முழுவதையும் சொன்னேன். அவள் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இது கல்யாணத்துக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். எங்க அண்ணனுக்காகத் திருட்டுத்தனம் பண்ணவரு எனக்காகவும் ஏதாவது பண்ணுவாருன்னு நம்பித்தான் கட்டிக்கிட்டேன். இதுவரைக்கும் ஒண்ணையும் காணோம்."

22 ஜனவரி, திங்கள்

முதல்வருக்கு மூன்று பத்திகளில் ஒப்புதல் கடிதம் எழுதினேன். காலை 11.05க்கு நேரில் கொடுத்தேன். பெயரை எடுத்துவிட்டாலும் வருத்தமில்லை என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரி மட்டும் பொய்.

மச்சானிடம் சொன்னபோது தலையில் கை வைத்துக்கொண்டார். "கெடுத்துட்டியே மாப்ள! இனிமே எதை வச்சு நான் முன்சீட்ல உக்கார்றது?"

1 பிப்ரவரி, வியாழன்

குழு இன்னும் கூடவில்லையாம். தினமும் இரண்டு முறை வாசலுக்குப் போய்த் தபால் பார்க்கிறேன்.

12 பிப்ரவரி, திங்கள்

முதல்வர் தொலைபேசியில் அழைத்தார். சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். ஒரு நிமிடம் பத்து விநாடி. பெயர் இருக்குமாம், முப்பத்தாறு ஆண்டுகளுக்காக. கோப்பை பற்றிய வரி மட்டும் நீக்கம். திறப்பு விழாவில், ஐம்பது ஆண்டு தாமதமாக, அந்த ஃப்ரீ த்ரோவை எட்டாம் எண்ணே போட வேண்டும் என்று முடிவாம்.

மச்சானுக்கு இரண்டு நாள் காய்ச்சல் வரும்போலிருக்கிறது.

17 பிப்ரவரி 2024, சனி

பத்து மணிக்கு என்று போட்டுவிட்டு 10.35க்குத் தொடங்கினார்கள். கல்வெட்டை மூன்று முறை படித்தேன். பிழையில்லை.

மச்சானைக் கோட்டருகே அழைத்துப் பந்தைக் கொடுத்தார்கள். அவர் வளையத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், பிறகு ஒலிபெருக்கியைக் கேட்டு வாங்கினார்.

"எனக்குப் பதிலா எங்க மாப்பிள்ளை போடுவாரு. அவருக்கு அது பழக்கந்தான்."

மைதானமே அதிர்ந்தது. மனைவி முன்வரிசையில் கைதட்டினாள். போனேன். எழுபத்தோரு வயது முழங்காலை மடக்கிப் போட்டேன். பந்து வளையத்தை ஓர் அடி தூரத்தில் விட்டுவிட்டுப் புகைப்படக்காரரின் பையில் போய் விழுந்தது.

"பரவாயில்ல, இதையும் என் பேர்லயே எழுதிக்கோங்க!" என்று கத்தினார் மச்சான்.

திரும்பும்போது அவரே முன்கதவைத் திறந்து பிடித்தார். முன் இருக்கையில் காலை நீட்ட இவ்வளவு இடம் உண்டென்று இன்றுதான் அறிந்தேன்.