யாருக்கும் சொல்லாத பிளவு

நாள் 212 | 09:10
சனிக்கோளின் என்சலடஸ் நிலவு, ஆய்வுக் கூடாரம். செண்பகவல்லி, முனைவர் பட்ட மாணவி, ஏழாம் ஆண்டு. சூடேற்றி சரி. காற்று சரி. துளைக்கருவி பனிக்கு அடியில் நீரைத் தொட்டது. மாதிரியில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று எழுதி எங்கள் துறையில் யாரும் முனைவர் ஆனதில்லை.

நாள் 219 | 17:40
மாதிரியில் அசைவு. திரும்பத் திரும்பச் சோதித்தேன். உயிர்தான். அழுதுவிட்டேன்.

தலைமை முகாமில் இருக்கும் என் நெறியாளர் கோமதிநாயகத்திடம்கூடச் சொல்லவில்லை. என் போன ஆய்வுத் தலைப்பைத் துறைக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்னேன். என்னோடு சேர்ந்த ஜெபராஜ் அதிலேயே கட்டுரை வெளியிட்டான். நெறியாளர் நிதானமாகச் சொன்னார்: "இது ஏற்கெனவே வந்துட்டும்மா. புதுசா ஏதாவது கொண்டு வா."

ஜெபராஜும் அதே முகாமில்தான் இருக்கிறான். அதனால் தெற்குப் பனிப் பிளவில் வேலை செய்வதாக முகாமில் பதிந்திருக்கிறேன். நான் இருப்பது வடக்குப் பிளவு. வண்டியிலுள்ள இடங்காட்டியையும் அணைத்தாயிற்று. கட்டுரை ஏற்கப்படும்வரை ஈ காக்கைக்கும் தெரியக் கூடாது.

நாள் 223 | 06:05
பனி நடுங்கியது. வண்டி பிளவுக்குள் போய்விட்டது. இடங்காட்டி, செய்தி அனுப்பும் கருவி எல்லாம் அதோடு போயின. கூடாரத்தில் மிஞ்சியது செய்தி கேட்கும் கருவி மட்டும். சூடேற்றி பாதிதான் ஓடுகிறது. மாதிரிக் குப்பிகளை உடைக்குள் வைத்துக்கொண்டேன்.

நாள் 223 | 20:30
ஜெபராஜின் குரல்: "செண்பகம், பயப்படாத. நடுக்கத்துக்கு அப்புறம் உன் செய்தி ஒண்ணும் வரல. நானே வண்டி எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். தெற்குப் பிளவுதான, எனக்கு வழி தெரியும்."
தொண்டை கிழியக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்?

நாள் 224 | 11:15
ஜெபராஜ்: "சார், தெற்குப் பிளவு முழுக்கத் தேடிட்டேன். கூடாரம் இல்ல. துளை போட்ட அடையாளம்கூட இல்ல. உள்ள விழுந்துட்டாளோன்னு நினைக்கேன்."
நெறியாளர்: "நீ திரும்பி வந்துரு. உன்னையும் இழக்க முடியாது."
பிறகு அவன்: "அந்தக் கட்டுரையில அவ பேரையும் போட்டிருக்கணும் சார்."
அவன் அழுகிறான். பாவி, வடக்கே வாடா.

நாள் 225 | கடிகாரம் நின்றுவிட்டது
விரல் மடங்கவில்லை. குப்பிகளும் உறைந்துவிட்டன. பயமாக இருக்கிறது. இந்த உயிர் புதிது. இதுவரை யாரும் காணாதது. முதலில் கண்டது நான்
இதைப் படிப்பவருக்கு: நான் இருக்குமிடம் வடக்குப் பிளவு, கிழக்குக் கரை.
எழுதிய பிறகுதான் புரிகிறது. இதைப் படிக்க நீங்கள் இங்கே வந்திருக்க வேண்டு