பெலிம்பிங் சாறும் உங்கள் தம்பியும்

இன்று காலை உங்கள் தம்பி அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்தார். பையை அவிழ்த்ததும் வீடெல்லாம் அந்தப் புளிப்பு மணம். பெலிம்பிங்; குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் பழம். அவர் வீட்டு மரம் இன்னும் காய்த்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள்தான் இல்லை.

முழுப் பழியையும் பழத்தின் மேல் போட மாட்டேன். இனிப்புநீர் நோய் வந்து எத்தனையோ வருஷமாகியும் தே தாரிக் தேநீரில் இனிப்புக் கெட்டிப்பாலைக் குறைக்காத மனிதர் நீங்கள். மூட்டு வலிக்கு யார் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் மிட்டாய் மாதிரி விழுங்கினீர்கள். சிறுநீர் நுரைத்தபோதும், "வெயிலுக்கு அப்படித்தான் இருக்கும்லா" என்றீர்கள்.

கிளினிக் டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். சிறுநீரகத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத வடிகட்டிகள் லட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். ரத்தம் ஓயாமல் அவற்றின் வழியே போகிறது. கழிவோடு சேர்ந்து இறங்குவதில் உடம்புக்கு வேண்டியதை உடம்பே திரும்ப எடுத்துக்கொள்ள, மிச்சம்தான் சிறுநீர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உங்கள் வடிகட்டிகளைக் கெடுத்துவிட்டன. போகக்கூடாத புரதம் போவதால்தான் அந்த நுரை. "கெட்டது கெட்டதுதான். மிச்சத்தக் காப்பாத்தலாம்" என்றார். நீங்களும் தலையாட்டினீர்கள். அதெல்லாம் கிளினிக் வாசலோடு சரி.

டாக்டர் சொன்னால் ஏறாது, நான் சொன்னால் ஏறவே ஏறாது. தம்பி சொன்னால் வேதவாக்கு. "பிரஷருக்கு இதான் மருந்துண்ணே. நம்ம மரத்துப் பழம், கெமிக்கல் ஒண்ணும் இல்லலா" என்று ஜாடி நிறையப் பிழிந்து கொண்டுவந்தார். காலி செய்தீர்கள். சாயங்காலம் விக்கல் பிடித்தது. நம் வீட்டில் விக்கலுக்கு என்ன மருந்து? "யாரோ நினைக்கிறாங்க" என்று உங்கள் தம்பி ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார், உங்கள் பழைய சூப்பர்வைசர் பெயர் வரைக்கும். நீங்களும் சிரித்தீர்கள். விக்கல் நிற்கவில்லை. பேச்சு குழறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிற அந்தப் பழத்து நஞ்சு, உங்கள் ரத்தத்திலேயே தங்கி மூளைக்கு ஏறிவிட்டது என்று நம் இருவரிடம் மட்டும் சொன்னார்கள்; தம்பி வெளியே நின்றிருந்தார்.

கடைசியாகத் தெளிவாகப் பேசியபோது என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிள்ளைகளைப் பற்றி இல்லை. "தம்பிகிட்ட சொல்லிடாத. தாங்கமாட்டான்." நான் தாங்குவேன் என்று உங்களுக்கு யார் சொன்னது? ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். கருமாதியில், "நல்லாத்தானே இருந்தாரு அண்ணி" என்று அவர் அழுதபோதும் மூடிக்கொண்டேன். அவர் கொண்டுவரும் பழத்தை, அவர் தலை மறைந்ததும் குப்பையில் கொட்டுவேன்.

இன்று காப்பியைக் குடித்துக்கொண்டே சொல்கிறார்: "எனக்கும் கிட்னி வீக்காம் அண்ணி. நாளைலேர்ந்து நானும் இந்த ஜூஸ்தான் குடிக்கப் போறேன்."

"தம்பி, அத வாயில வைக்காதீங்க. உங்கண்ணன் போனது அதுலதான்."

அவர் தான் கொண்டுவந்த பழப்பையைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தானா அண்ணி?" என்றார். பொய் சொல்ல நாக்கு வரவில்லை. ஆமாம் என்றேன். காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். இனி இந்தப் படி ஏறுவாரா, தெரியாது.

உங்கள் சொல்லை மீறிவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அவரிடம் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டு நல்ல அண்ணனாகப் போய்ச் சேர்ந்தீர்களே, அந்தக் கோபத்தை நான் யாருக்காகவும் விடப்போவதில்லை.