இறக்கையோரத்தில் தீ

கல்மண்டபம், ராயபுரம்
ஆகஸ்ட் 4

அன்புள்ள சைமன் மாமு,

போனை அணைத்துவிட்டு, திருச்சியில் மச்சினன் வீட்டில் முடங்கிக் கிடக்கிறாயாம். அதனால்தான் தபால். என் கையெழுத்துக்குக் கண்ணாடி போதாது, துபாஷி வேண்டும்.

விமானம் எண்ணூர்க் கடலில் விழுந்து இரண்டு மாதமாகிறது. லாஞ்சுப் படகின் எஞ்சினைக் கடலில் ஓட்டிப் பார்க்கப் போன நான், "இறக்கையோரம் தீ எரிஞ்சுது, அப்பாலதான் வுயுந்துச்சு" என்று டிவியில் சொன்னேன் அல்லவா? அன்றிலிருந்து தெருவில் ஏக மரியாதை. திரையில் பாதி என் தொப்பைதான். சபீஹா மட்டும், "வூட்ல ஃபேன் ஓடலன்னா தெரியாது, ஏரோபிளேன் எரிஞ்சா மட்டும் தெரியுதா உனுக்கு?" என்கிறாள்.

இருபதாம் தேதி விசாரணைக் குழு கூப்பிட்டிருக்கிறது. உன் மகள் ஷைனி பெயரைக் கெடுக்க விடமாட்டேன். வேளைக்குச் சாப்பிடு.

உன் தாவூது

திருச்சி
ஆகஸ்ட் 8

மாமு,

உன் கடிதத்தைப் படித்து அடைக்கலமேரி சிரித்தாள். மகள் போனபின் முதல் தடவை.

எஞ்சினில் குறையே இல்லை என்கிறது விமான நிறுவனம். துணை விமானி பதறிப்போய் தவறான விசையை இழுத்தாளாம். நூற்றுப் பத்துப் பேரையும் என் ஷைனிதான் கொன்றாள் என்று முகம் தெரியாதவனெல்லாம் எழுதுகிறான். தீயைப் பார்த்தவன் நீ ஒருவன்தான். குழுவின் முன் வளவளக்காதே.

சைமன்

கல்மண்டபம்
ஆகஸ்ட் 13

மாமு,

நாலு தாள் கிழித்தாயிற்று. காதல் கடிதமோ என்று சபீஹா சந்தேகப்படுகிறாள்.

குழுவிடம் உளறக்கூடாதே என்று நேற்று அந்தியில் அதே மஃரிப் தொழுகை வேளையில், அதே இடத்துக்குப் போனேன். வேறொரு விமானம் தாழ்வாக வந்தது. அதன் இறக்கையோரத்திலும் தீ. அது பத்திரமாகப் போய்விட்டது, மாமு. இறக்கைக்குப் பின்னால் எரிந்தது கரையிலுள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கி. பிறந்ததிலிருந்து பார்க்கும் நெருப்பு!

லாஞ்சு ஓட்டிய ஜார்ஜ், "இன்னா மாமு, இதையா டிவில சொன்ன?" என்றான். லாஞ்சைத் திருப்பச் சொன்னேன்.

தாவூது

திருச்சி
ஆகஸ்ட் 16

தாவூது,

அது உனக்கும் ஜார்ஜுக்கும்தான் தெரியும். ஆயுசு முழுக்கக் கதை விட்டவன் நீ. துறைமுகத்தில் நான் மட்டம் போட்ட நாளெல்லாம் மேஸ்திரியிடம் எனக்கு டைபாய்டு என்றாய். மூன்று தடவை! என் பெண்ணுக்காக ஒரு பொய் வராதா?

சைமன்

கல்மண்டபம்
ஆகஸ்ட் 20

மாமு,

பொய் வாயில் தயாராகத்தான் இருந்தது. ஆனால் நாளைக்கு எவனாவது அந்தப் புகைபோக்கியைக் காட்டினால், ஊர் சிரிப்பது என்னைப் பார்த்தல்ல, ஷைனியைப் பார்த்து. ஆலைத் தீ என்று சொல்லிவிட்டேன்.

நிறுவனத்து வக்கீல் ஓடிவந்து கை கொடுத்தான். "எஞ்சின் நல்லாகீதுன்னு நான் சொல்லல சார். அத்தையும் நான் பாக்கல" என்றேன். கையை இழுத்துக்கொண்டான். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். காரணம் இன்னும் தெரியவில்லையாம்.

திட்டியாவது எழுது.

தாவூது

திருச்சி
செப்டம்பர் 2

தாவூது,

சனிக்கிழமை காலை ராயபுரம் மாதா கோயிலில் ஷைனிக்கு நினைவுப் பூசை. உனக்கும் சபீஹாவுக்கும் எழுதச் சொன்னாள் அடைக்கலமேரி.

வா. என் பக்கத்தில் உட்காராதே.

ஷைனியின் அப்பா