நெட்டை அணைச்சாச்சா, அம்மிணி?

அண்ணா,

இன்று காலை உங்கள் குரல் மேடேறி வந்தது. பனி என் கடையின் கண்ணாடிக் கதவு வரைக்கும் வந்து நின்றிருந்ததால் செந்திலின் ஆட்டோ கண்ணுக்குத் தெரியவில்லை. ஒலிபெருக்கி மட்டும் கேட்டது. "பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. குடியிருப்புப் பகுதிகளில் கரடி நடமாட்டம் உள்ளதால், மாலை வேளைகளில் தேயிலைத் தோட்டப் பாதைகளில் தனியாகச் செல்வதைத் தவிர்க்கவும்." கரடிக்கும் நடமாட்டத்துக்கும் நடுவே ஒரு டிக். 'தனியாக' என்ற சொல்லின் தலைமேலேயே இன்னொரு டிக். கையிலிருந்த டீ ஆறிப்போகும்வரை நின்று கேட்டேன்.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முழுதாக முடிந்துவிட்டது. கரடிகளுக்கு அது தெரியாது, அவை பாட்டுக்கு வந்து போகின்றன. அவை வரும்போதெல்லாம் செந்தில் அதே பென் டிரைவைச் செருகுகிறான். "வேற யாரையாச்சும் வெச்சு நல்லாப் பதிஞ்சு குடுங்கக்கா, டிக் டிக்குன்னு கேக்குது" என்று போன மாதம்கூடக் கேட்டான். இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

குன்னூரில் உங்களைக் குடைக்கடைக்காரராகத் தெரிந்தவர்கள் குறைவு. அன்னூரிலிருந்து உங்கள் அப்பா வந்து வைத்த கடை, குடையும் ஸ்வெட்டரும் மழைக்கோட்டும். ஆனால் ஊருக்கு நீங்கள் வெறும் குரல்தான். தண்ணீர் வராது என்பதை அதட்டிச் சொல்வீர்கள். திருவிழா என்றால் துள்ளும். சாவுச் செய்திக்கு மட்டும் குரலை ஒரு படி இறக்கி, கேட்பவர் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து சொல்வதுபோல் சொல்வீர்கள். மார்க்கெட்டில் கேரட் விற்கிற அம்மா உங்களைப் பார்த்தாலே கும்பிடுவார். "ஏனுங்க, உங்க வாயில எம்பேரு இப்போதைக்கு வந்துற வேண்டாமுங்க." நீங்களும் விடமாட்டீர்கள். "வரிசையில நில்லுங்கம்மா, பாத்துக்கலாம்."

எல்லாப் பதிவும் என் கடையின் பின்னறையில்தான் நடக்கும். முன்னால் ஜெராக்ஸும் டைப்பிங்கும். பின்னால், எதிரொலி வராமலிருக்க, சுவரெங்கும் உங்கள் கடையில் விற்காமல் போன கம்பளிகளை ஆணி அடித்து மாட்டிய அறை. பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் படுத்துவிட்டது. புதிது வந்து சில மாதங்கள் ஒழுங்காக இருந்தது. அப்புறம்தான் அந்த டிக் ஆரம்பித்தது. நல்லாப் போய்க்கொண்டிருக்கும், திடீரென்று யாரோ நகத்தால் சுண்டியதுபோல் குரல் ஒரு நொடி அறுந்து ஒட்டும்.

நம் ஊரில் எது கெட்டாலும் பனியைத்தான் முதலில் பிடிப்போம். தீப்பெட்டி பற்றவில்லையா, பனி. கதவு சாத்தவில்லையா, பனி. கல்யாணத்துக்கு ஆள் வரவில்லையா, அதுவும் பனி. மைக்கை அரிசி டப்பாவுக்குள் புதைத்தோம். சிபியு பக்கத்தில், துணி அலமாரியில் போடுவதுபோல், குண்டு பல்பு எரியவிட்டோம். அண்ணி தன் ஹேர் டிரையரைக் கொடுத்து அனுப்பினார். வயரை மாற்றினேன், யுபிஎஸ்ஸை மாற்றினேன். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது, அந்த சிபியுவை எத்தனை முறை தட்டியிருப்பேன் என்று அதற்குத்தான் தெரியும். நீங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து சிரிப்பீர்கள். "அடிச்சா அழுகத்தான் செய்யும் அம்மிணி, பேசாது."

அந்த நாட்களில் உங்கள் குரலிலும் ஒரு கரகரப்பு இருந்தது. நேரில் கேட்டால் சளி என்று தோன்றும். ஆடி மழையில் குன்னூரில் கம்மாத தொண்டை ஏது? பதிவில் கேட்டால் மிஷின் கோளாறு என்று தோன்றும். டிக்கும் கரகரப்பும் சேர்ந்து வந்ததால் இரண்டும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொண்டோம். "இந்த டிக்கு போயிருச்சுன்னா எல்லாஞ் சரியாயிருமுங்க" என்று நீங்களே சொன்னீர்கள். நானும் தலையாட்டினேன்.

ஒருநாள் மத்தியானம் காற்றில் ஒரு கற்பூர மரம் சாய்ந்து நெட் கேபிளை அறுத்துக்கொண்டு விழுந்தது. இனி இது எதற்கு என்று எரிச்சலில் கம்ப்யூட்டரில் வைஃபையையும் அணைத்தேன். பகவதியம்மன் கோயில் பூச்சாட்டுத் திருவிழாவுக்கான அறிவிப்பைப் படித்தீர்கள். போட்டுக் கேட்டால் ஒரு டிக்கூட இல்லை. கேபிள் சரியாகி, வைஃபையைத் திரும்பப் போட்டதும் டிக் வந்துவிட்டது. அணைத்தேன், போனது. போட்டேன், வந்தது. சின்னப் பிள்ளைபோல் அதையே செய்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் புத்தி வந்து, கம்ப்யூட்டருக்குள் எங்கே தாமதம் ஆகிறது என்று அளந்து காட்டும் ஓர் இலவச மென்பொருளை ஓடவிட்டேன். சிவப்புக் கோடு எகிறி எகிறி விழுந்தது. முதல் குற்றவாளியாக அது காட்டியது நெட் டிரைவரை. வைஃபை கருவியிடம் வேலை வாங்குகிற சின்ன மென்பொருள், அப்டேட்டில் தானாக வந்து ஏறியது. உங்களுக்கு எப்படி விளக்கினேன் என்று நினைவிருக்கிறதா? பர்லியார் ரோட்டில் கொண்டை ஊசி வளைவில் ஒரு லாரி ஒடிக்க முடியாமல் நின்றால், பின்னால் வருகிற பஸ்ஸுக்கு ஒரு குறையும் இல்லாவிட்டாலும் அது நின்றுதான் ஆகவேண்டும். லாரி அந்த டிரைவர், பஸ் உங்கள் குரல். கதவருகே நின்ற செந்தில் பதறிப்போனான். "டிரைவர் சரியில்லைன்னு என்னையவாக்கா சொல்றீங்க?" அன்று மூவரும் சிரித்தோம். இந்தக் கதையில் நாம் மூவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

புது டிரைவரைக் கழற்றிவிட்டுப் பழையதையே ஏற்றினேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கவென்று வைஃபை கருவி நடுநடுவே தூங்கி விழிக்கும் வசதியையும் நிறுத்தினேன். சிவப்புக் கோடு அடங்கிவிட்டது. போதாததற்கு, பதிவுக்கு முன்னால் நெட்டையே அணைத்துவிடுவது என்றும் முடிவு செய்தோம். நீங்கள் மைக் முன்னால் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டீர்கள்.

"நெட்டை அணைச்சாச்சா, அம்மிணி?"

"அணைச்சாச்சுங்கண்ணா."

மின்தடை அறிவிப்பு. நீங்கள் எத்தனையோ முறை படித்ததுதான். படித்து முடித்து ஹெட்ஃபோனை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக் கேட்டோம். டிக் இல்லை. இரைச்சல் இல்லை. அறையில் ஈ பறந்திருந்தால்கூடக் கேட்டிருக்கும், அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தின் நடுவில், மூடி மறைக்க எதுவும் இல்லாமல், உங்கள் தொண்டை இருந்தது. நீளமான சொற்களில் குரல் இரண்டாகப் பிளந்தது. முடிக்கும் இடங்களில் காற்று மட்டும் வந்தது.

நான் உங்களைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னொருக்கா போடு" என்றீர்கள். போட்டேன். கேட்டு முடித்து ஹெட்ஃபோனை மெதுவாக மேசைமேல் வைத்தீர்கள்.

"நெட்டு ஆஃப்லதான இருக்குது?"

"ஆமாங்கண்ணா."

"செரி" என்றீர்கள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனீர்கள். மழை பெய்துகொண்டிருந்தது, குடையை விரிக்கவில்லை.

அந்த வாரமே அண்ணி உங்களைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார். வந்த செய்தி ஊருக்கே தெரியும். குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். அதற்கு முன்னால் வந்து ஒரு நாள் உட்காருங்கள், எல்லா அறிவிப்பையும் பதிந்து வைத்துக்கொள்வோம் என்று கெஞ்சினேன். கோபித்துக்கொண்டேன்கூட. "இந்தக் கரகரப்பை எதுக்குச் சேத்தி வைக்கோணும்? டிக்கோட பதிஞ்சது இருக்குதுல்ல, அது போதும். கேக்கறவங்க மிஷினைத் திட்டிக்குவாங்க" என்றீர்கள். எனக்கு அப்போது அது வீம்பாகத் தெரிந்தது. இப்போது கரடி அறிவிப்பைக் கேட்கும்போது புரிகிறது. அந்த டிக் இருக்கும்வரை ஊர் உங்கள் குரலைச் சந்தேகிக்காது.

பேச்சு போன பிறகும் பின்னறைக்கு வந்தீர்கள். கழுத்தில் உங்கள் கடை மப்ளர், கையில் போன். வேறு யாராவது படிக்க வந்தால் ஓரத்தில் உட்கார்ந்து கேட்பீர்கள். நான் பட்டனை அமுக்கும் முன் வைஃபை பெட்டியைச் சுட்டிப் புருவத்தைத் தூக்குவீர்கள். நான் தலையாட்டிய பிறகுதான் கட்டை விரல் உயரும். யாராவது சாவுச் செய்தியை உரக்கப் படித்தால் போனில் தட்டிக் காட்டுவீர்கள்: "சண்டைக்குக் கூப்பிடறாப்ல இருக்குது." மேலே பார்த்தால் தோள் குலுங்கும். சத்தம் வராத சிரிப்பைப் பார்த்துப் பழக எனக்கு வெகுநாள் பிடித்தது. உண்மையில் பழகவே இல்லை.

பிறகு வருவதும் நின்றுபோயிற்று.

நீங்கள் போன அன்று செந்தில் கடை வாசலில் வந்து நின்றான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஊருக்குச் சொல்ல வேண்டும். ஊரின் சாவையெல்லாம் சொன்னவர் நீங்கள், உங்களுடையதை யார் சொல்வது? பெரிய குரல்காரர்கள் இரண்டொருவர் பெயர் சொன்னான். அண்ணியிடம் போன் செய்து கேட்டேன். அவர் அழுகையை நிறுத்திச் சொன்னார். "சண்டைக்குக் கூப்பிடறாப்ல படிச்சா அவருக்குப் புடிக்காது கண்ணு. நீயே படிச்சுரு."

நான் அதற்கு முன் மைக்கில் பேசியதே இல்லை. வைஃபையை அணைத்தேன். கம்ப்யூட்டரில் ஒருமுறை, பெட்டியின் சுவிட்சில் ஒருமுறை. நீங்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தேன். குரலை ஒரு படி இறக்கினேன். உங்கள் பெயரைச் சொன்னேன், அப்பா பெயரைச் சொன்னேன், கடை இருந்த இடத்தைச் சொன்னேன். இயற்கை எய்தினார் என்பதை ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று முடித்தேன். ஒரே மூச்சில், தப்பில்லாமல் படித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அதற்குப் பின் இந்த ஊரின் சாவுச் செய்திகள் எல்லாம் என் குரலில்தான் போகின்றன, அண்ணா. கேரட்கார அம்மா இப்போது என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் பட்டனை அமுக்கும் முன் அந்த வைஃபை பெட்டியைப் பார்க்கிறேன். பச்சை விளக்கு அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ஒன்றுமில்லாத ஓரத்துக்குத் தலையாட்டிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

உங்கள் செய்தியைப் படித்த அன்று செந்தில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு என் பதிவைக் கேட்டான். கேட்கக் கேட்க முகம் சுருங்கியது. கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, நடுநடுவுல கொரலு அந்து அந்து போகுது. நெட்டை அணைக்க மறந்துட்டீங்களாட்ட இருக்குது."

அணைத்துத்தான் இருந்தேன், அண்ணா.